பின் ஷாக் மவுண்ட் யாருடைய சுமையைத் தாங்குகிறது?

சாலையில் ஓட்டும் காரையே பந்தயத் தளத்துக்கும் கொண்டுபோகிறவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பாடியோடு பிடித்துவைத்திருக்கும் மவுண்ட் அந்த ஓட்டத்தைத் தாங்குமா என்பதுதான் அது. 1990இல் வெளிவந்து 2000 வரை தயாரிப்பில் இருந்த பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் ஈ36 மாடலை வைத்திருப்பவர்களிடையே இந்தக் கேள்வி இன்றுவரை ஓயவில்லை. அந்தக் காரில் மவுண்டின் ரப்பர் கிழிவது சகஜம். சில கார்களில் அதற்கும் மேலே போய், மவுண்ட் உட்கார்ந்திருக்கும் பாடித் தகடே புடைத்துக் கிழிந்து, ஷாக்கின் தலை டிக்கிக்குள் எட்டிப் பார்க்கும். இதற்குச் சொல்லப்படும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. வலுவான மவுண்டை வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பது ஒன்று. எத்தனையோ பேர் அப்படியே ஓட்டுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே மவுண்டைத் தனிப்பட்ட ஒரு பொருளாகப் பார்க்கின்றன. அதன் வழியாக என்ன சுமை போகிறது, அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. ஷாக் தன் சொந்த வேலையைச் செய்வதால் மட்டும் தகடு கிழிவது அபூர்வம் என்பது என் வாதம். ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை, தெரிந்தோ தெரியாமலோ, அந்த மவுண்டின் தலையில் ஏற்றிவிடுவதே பெரும்பாலான கார்களில் தகட்டைக் கிழிக்கிறது.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். ஈ36இன் பின்பக்க சஸ்பென்ஷன், 1989 முதல் 1991 வரை விற்பனையான இசட்1 என்ற சிறிய திறந்த காருக்காக உருவாக்கப்பட்ட அமைப்பிலிருந்து வந்தது. (காம்பேக்ட் மாடல் மட்டும் முந்தைய 3 சீரிஸான ஈ30இன் அமைப்பையே வைத்துக்கொண்டது.) இதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. ஸ்பிரிங் காரின் உட்பக்கமாக, கன்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியில் நின்று, மேலே பாடியின் கனமான பகுதியில் இதற்கென்றே அமைத்த அகலமான இருக்கையில் முட்டுகிறது. ஷாக் சக்கரத்துக்கு மிக அருகில், டிரெய்லிங் ஆர்மின் பின்பக்கத்தில் தொடங்கி, சக்கரக் கூட்டுக்குள் ஏறி, டிக்கியின் ஓரத்தில் உள்ள டவரில் போய் முடிகிறது. அந்த டவரின் உச்சி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. அதில் 2 துளைகள். மவுண்ட் கீழேயிருந்து தகட்டை அணைத்து உட்காரும். அதன் 2 எம்8 ஸ்டடுகள் துளைகள் வழியாக டிக்கிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே 2 நட்டுகள். மவுண்டின் உள்ளே ரப்பர், ரப்பரின் நடுவில் ஷாக்கின் தண்டு. காரின் மொத்தப் பின்பக்க ஷாக் விசையும் பாடிக்குள் நுழையும் வழி இவ்வளவுதான். காரை வடிவமைத்தவர்கள் அசட்டையாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஷாக்கின் வேலைக்கு இது போதும் என்று கணக்கிட்டே அவர்கள் இப்படிச் செய்திருக்க வேண்டும்.

ஷாக்கின் வேலை என்ன என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஷாக் காரைத் தாங்குவதில்லை. கார் அசையாமல் நிற்கும்போது, உள்ளிருக்கும் வாயுவின் சிறு அழுத்தத்தைத் தவிர்த்தால், அதன் விசை ஏறத்தாழ பூஜ்யம். தண்டு எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அதற்கேற்ற எதிர்ப்பை மட்டுமே அது தருகிறது. வளைவில் பாடி சாயும்போது தண்டின் வேகம் நொடிக்கு சில சென்டிமீட்டர்தான். ஓரத்தில் உள்ள கெர்பின் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது அது நொடிக்கு அரை மீட்டரையும் தாண்டும். அப்போது ஓரளவு கடினமான ஷாக் (டேம்பர்) சில நூறு கிலோ விசையைத் தரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாலைக் கார்களின் டேம்பர்களில், அமுங்கும்போது உள்ள எதிர்ப்பைவிட நீளும்போது உள்ள எதிர்ப்பு அதிகமாகவே வைக்கப்படுகிறது. ஆகவே ஷாக் தன் மவுண்டை மேலே தள்ளுவதைவிட வலுவாகக் கீழே இழுக்கிறது. மேலே தள்ளும்போது மவுண்டின் முழு விளிம்பும் தகட்டில் பரந்து அழுத்தும். கீழே இழுக்கும்போதோ 2 நட்டுகளின் அடியில் உள்ள சிறிய வட்டப் பரப்புதான் முழுச் சுமையையும் தகட்டுக்குக் கொடுக்கிறது. தகட்டில் முதல் விரிசல் ஸ்டட் துளையைச் சுற்றியே தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இசட்3, கன்வர்டிபிள் போன்ற மாடல்களுக்கென பி.எம்.டபிள்யூ தயாரித்த பலப்படுத்தும் பிளேட், டிக்கிப் பக்கத்தில், நட்டுகளுக்கும் தகட்டுக்கும் நடுவே உட்காரும். மலிவான பொருள், பொருத்துவது அரை மணி நேர வேலை. அது நன்றாக வேலை செய்வதற்கும் இதே விளக்கம்தான்: இழுவிசையை 2 வட்டங்களிலிருந்து எடுத்து ஒரு பரப்பு முழுவதும் பகிர்ந்து கொடுக்கிறது.

இப்போது ஸ்பிரிங்கை அந்த இடத்துக்குக் கொண்டுவருவோம். பந்தய ஆர்வலர்கள் பலர் பின்பக்க ஸ்பிரிங்கைப் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட்டு, ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமையும் காயில்ஓவர் அமைப்புக்கு மாறுகிறார்கள். அதன் நன்மைகள் உண்மையானவை. சக்கரத்துக்கு அருகில் இருப்பதால் மென்மையான ஸ்பிரிங் போதும், உயரத்தைச் சரிசெய்வது எளிது, ஸ்பிரிங் மாற்றுவதும் எளிது. ஆனால் சுமையைப் பாருங்கள். ஈ36 எம்3 ஏறத்தாழ 1,450 கிலோ எடை. அதில் சுமார் பாதி பின்பக்கம். ஒரு பின்சக்கரத்தின் பங்கில் சக்கரம், பிரேக், ஹப் இவற்றின் எடையைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்க வேண்டியது 300 கிலோவுக்குச் சற்று மேல். கணக்குக்கு 300 என்றே வைத்துக்கொள்வோம். காயில்ஓவருக்கு மாறிய நிமிடத்திலிருந்து, கார் வீட்டில் நின்றுகொண்டிருந்தாலும், அந்த 300 கிலோ டவரின் உச்சித் தகட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரத்துக்கு எடை பெயரும்போது அது இன்னும் 100, 150 கிலோ கூடும். மேடு பள்ளத்தில் அதற்கும் மேல். முன்பு பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டிருந்த விசை, இப்போது 300ஐச் சுற்றி, முன்னைவிட அகலமான வீச்சில் ஏறி இறங்குகிறது. ஸ்பிரிங்கின் விசை தண்டின் இடப்பெயர்ச்சியைப் பொறுத்தது, ஷாக்கின் விசை அதன் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டின் உச்சங்களும் ஒரே கணத்தில் சேர்வதில்லை. இந்த ஆறுதலையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனாலும் மொத்த வீச்சு கூடிவிட்டது என்பதை அது மாற்றுவதில்லை.

தகடு ஒரே அடியில் கிழிவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்ய ரயில் அச்சுகளை ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர் காட்டிய உண்மை இங்கே அப்படியே பொருந்தும். ஒருமுறை ஏற்றினால் எளிதாகத் தாங்கும் சுமையே, லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது உலோகத்தை உடைத்துவிடும். வெல்டிங் செய்த இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கில், தகைவின் வீச்சு இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். ஸ்பாட் வெல்டிங்கில் சரிவு இதைவிடச் செங்குத்தானது. கடினமான ஸ்பிரிங் போட்ட காரின் பாடி நொடிக்கு 2 முறை ஏறி இறங்குகிறது என்று கொண்டால், 20 நிமிட ஓட்டம் ஒன்றில் 2,400 சுழற்சிகள். சக்கரத்தின் சொந்த அதிர்வு இதைவிடப் பல மடங்கு வேகமானது, அது தனிக் கணக்கு. ஒரு நாளில் 4 ஓட்டம், ஆண்டுக்குச் சில நாட்கள் என்று பெருக்கிப் பார்த்தால், சாலை ஓட்டத்தில் காரின் ஆயுள் முழுவதும் கடுமையான சுமை அரிதாகவே வந்துபோகும் இடத்தில், இங்கே ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. ஆகவே “இரண்டு வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற சாட்சியம் பலம் குறைந்தது. விரிசல் தொடங்கும் வரை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தொடங்கிய பிறகு மிச்சமிருக்கும் ஆயுள் சொற்பம்.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது, பந்தயக் கார்கள் பல்லாண்டுகளாகப் பின் காயில்ஓவரோடு ஓடுகின்றனவே என்பது. ஓடுகின்றன. ஆனால் முழுப் பந்தயக் காரின் டவர் சாலைக் காரின் டவர் அல்ல. பந்தயக் காருக்குள் ரோல்கேஜ் என்ற குழாய்க் கூடு இருக்கிறது. கேஜின் பின் கால்களை டவருக்கு அருகிலேயே இறக்கி, பல கார்களில் டவரோடு நேரடியாக இணைத்தும் விடுகிறார்கள். எஃப்.ஐ.ஏ. விதிகளின்படி, கேஜின் பின் காலைப் பாடியில் போல்ட் போட்டுப் பிணைத்தால் குறைந்தது 3 மி.மீ. கனமும் 60 சதுர செ.மீ. பரப்பும் உள்ள பலப்படுத்தும் தகடு வேண்டும், குறைந்தது 2 எம்8 போல்ட்டுகள் வேண்டும். போல்ட் எண்ணிக்கையும் அளவும் நம் ஷாக் மவுண்டில் உள்ளதேதான். வேறுபாடு முழுவதும் அந்த 3 மி.மீ. தகட்டில் இருக்கிறது. போல்ட்டைவிட போல்ட் பிடித்திருக்கும் தகடே இங்கே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அதோடு பந்தயக் காரை ஒவ்வொரு வார இறுதிக்குப் பிறகும் பிரித்துப் பார்க்கிறார்கள். டிக்கியில் கார்ப்பெட் கிடையாது. விரிசல் வந்தால் அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது, அதை மதிக்கிறேன். உட்பக்கம் இருக்கும் ஸ்பிரிங் நெம்புகோல் கணக்கில் சுமையைக் கூட்டுகிறது என்பது அது. ஆர்மின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஸ்பிரிங் நிற்கிறது என்று கொண்டால், சக்கரத்தில் 300 கிலோ வர ஸ்பிரிங்கில் 450 கிலோ வேண்டும். மிச்சமுள்ள 150 கிலோ, ஆர்மின் உள்முனை வழியாக, ஆர்ம்களைப் பாடியோடு இணைக்கும் சப்ஃபிரேமைக் கீழ்நோக்கி இழுக்கும். அதாவது பாடி ஓரிடத்தில் 450 கிலோவால் மேலே தள்ளப்படுகிறது, பக்கத்திலேயே 150 கிலோவால் கீழே இழுக்கப்படுகிறது. ஸ்பிரிங் சக்கரத்தை ஒட்டி வந்துவிட்டால் இந்த இழுபறி அனேகமாக மறைந்து, டவரில் 300க்குச் சற்று மேல் மட்டுமே வரும். இந்தக் குடும்பத்து பி.எம்.டபிள்யூக்களில், குறிப்பாக அடுத்து வந்த ஈ46இல், சப்ஃபிரேம் பிடித்திருக்கும் தரைத்தகடு விரிசல் விடுவது பெரிய பிரச்சினை. எனவே இது சும்மா தள்ளிவிடக் கூடிய வாதமல்ல. ஆனாலும் இரண்டு விஷயங்கள் குறுக்கே நிற்கின்றன. ஈ46இன் தரைத்தகட்டைப் பிளப்பதில் பெரும்பங்கு, இன்ஜினின் முறுக்குவிசை டிஃபரென்ஷியல் வழியாகச் சப்ஃபிரேமை முன்னும் பின்னும் திருகுவதற்கே. ஸ்பிரிங் இடம் மாறினால் அது குறையாது. மேலும் 450 கிலோவைத் தாங்கும் இருக்கை அந்த 450க்காகவே கட்டப்பட்டது. 300 கிலோவை ஏற்கப்போகும் டவர் அதற்காகக் கட்டப்படவில்லை. சுமையின் அளவு சிறியதா பெரியதா என்பதைவிட, எந்தச் சுவர் எதற்காக எழுப்பப்பட்டது என்பதே இங்கே முக்கியம்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது, ஏனெனில் அது காயில்ஓவர் போடாதவர்களையும் இந்தக் கேள்விக்குள் இழுக்கிறது. ஈ36இன் பின்பக்க பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பர் ஷாக்கின் தண்டிலேயே, மவுண்டுக்கு நேர் கீழே கோக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் முழுதாக மேலே வரும்போது ஷாக்கின் உடல் அந்த ரப்பரில் முட்டி, அதன் வழியாக மவுண்டை மேலே தள்ளும். அப்படியானால் கனமான தள்ளுவிசையை இந்த டவர் தாங்க வேண்டும் என்பது தயாரித்தவர்களின் கணக்கிலேயே இருக்கிறதே, பிறகென்ன பயம் என்கிறார்கள். கணக்கில் இருந்தது என்பது சரி. ஆனால் எப்போதாவது ஒரு பெரிய பள்ளத்தில், ஒரு கணம் வந்துபோகும் சுமையாகவே இருந்தது. இப்போது அந்தக் காரை 40 மி.மீ. தாழ்த்துங்கள். பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் ஷாக்குக்கு இருந்த இடைவெளியில் பெரும்பகுதி போய்விட்டது. வெளிச்சக்கரம் நடுத்தரமான வளைவிலேயே பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடும். கார் அந்த வளைவு முழுவதும் பம்ப் ஸ்டாப்பின் மேல்தான் ஓடுகிறது. அதுவும் சாதாரண ஸ்பிரிங் அல்ல, அமுங்க அமுங்கச் செங்குத்தாகக் கடினமாகும் ஸ்பிரிங். அந்த நிலையில் கெர்பின் மேல் ஏறினால் டவருக்கு வரும் குத்து, முறையாகப் பொருத்திய காயில்ஓவர் தரும் சுமையைத் தாண்டிவிடும். தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் போட்டு, ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் அப்படியே விட்ட கார், காயில்ஓவர் காரின் சுமையைத் தன் மவுண்டில் வாங்கிக்கொண்டு ஓடுகிறது. அதன் உரிமையாளருக்கோ தான் எதையும் மாற்றவில்லை என்ற நினைப்பு. மவுண்ட் பலவீனமானது என்று பழி சுமத்தப்படும் கார்களில் கணிசமானவை இப்படிப்பட்டவை என்பது என் உறுதியான எண்ணம். இங்கே மருந்து கனமான மவுண்ட் அல்ல. காரைக் கொஞ்சம் உயர்த்துவது, தாழ்ந்த உயரத்துக்கேற்ற குட்டையான ஷாக் போடுவது, சுமையை நிஜமாகவே தன்மேல் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கடினமான ஸ்பிரிங்கை அதன் பழைய இடத்திலேயே வைப்பது, இவைதான்.

கனமான மவுண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பருக்குப் பதில் அலுமினிய உடலும் கோள பேரிங்கும் உள்ள மவுண்ட், ஷாக்கின் விசையைத் தாமதமின்றிப் பாடிக்குக் கொடுக்கிறது. சிறு அசைவுகளிலேயே டேம்பர் வேலை செய்யத் தொடங்குவதால் கார் துல்லியமாக நடந்துகொள்ளும். தண்டு சாயும்போது பேரிங் திரும்பிக்கொடுப்பதால் தண்டின் மேல் வளைவுச் சுமையும் குறையும். இவ்வளவும் நல்லதே. ஆனால் ரப்பர் வெறும் சொகுசுக்காக வைக்கப்பட்டதல்ல. கூர்மையான குத்துகளின் உச்சியை அது மழுக்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் அந்த உச்சி முழுதாகத் தகட்டுக்குப் போகும். பலவீனமான கண்ணி மவுண்டிலிருந்து தகட்டுக்கு இடம் பெயர்கிறது. கிழிந்த ரப்பர் மவுண்டை மாற்ற ஒரு மதியம் போதும். கிழிந்த டவரைச் சரிசெய்ய டிங்கர் பட்டறையில் பல நாள் வேலை. ஆகவே தகட்டைப் பலப்படுத்தாமல் மவுண்டை மட்டும் கடினமாக்குவது, செலவு செய்து ஆபத்தை விலையுயர்ந்த இடத்துக்கு நகர்த்துவது.

இந்த முடிவுகளை எல்லாக் கார்களுக்கும் அப்படியே நீட்டக் கூடாது. மஸ்டா எம்.எக்ஸ்-5 பிறந்ததிலிருந்தே நான்கு மூலைகளிலும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகவே கொண்டது. அதன் டவர்கள் காரின் எடையைத் தாங்கவே கட்டப்பட்டவை. அங்கே கேள்வி ஷாக்குக்கு இடைவெளி போதுமா என்பதே. மறுமுனையில் ஷெவ்ரலே கார்வெட். 1963 முதல் 2019 வரை அதன் பின்பக்கத்தில் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங்தான் எடையைத் தாங்கியது, ஷாக்குகள் டேம்பர் வேலையை மட்டும் செய்தன. அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு ஷாக் மவுண்டுகளில் காயில்ஓவர் மாட்டலாமா என்ற கேள்வி அங்கேயும் இதே வடிவில் எழுந்தது. நிறுவனமே காயில்ஸ்பிரிங்குக்கு மாறியது, இன்ஜினை நடுவில் வைத்து அடிமுதல் நுனிவரை புதிதாக வடிவமைத்த 2020 மாடலில்தான். நம் பக்கத்தில், 2010இல் தொடங்கி இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் ஓடிய போலோ கோப்பைப் பந்தயத்தின் காரும், பலரும் தளத்துக்குக் கொண்டுவரும் ஸ்விஃப்டும் பின்பக்கம் முறுக்கு அச்சு கொண்டவை. அவற்றிலும் ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு. எனவே ஈ36க்குச் சொன்ன எச்சரிக்கை அவற்றுக்கும் செல்லும், குறிப்பாகத் தாழ்த்திய கார்களின் பம்ப் ஸ்டாப் பற்றிச் சொன்னது.

ஆக, கேஜ் இல்லாமல் சாலையிலும் தளத்திலும் ஓடும் ஈ36க்கு என் பரிந்துரை இது. ஸ்பிரிங் பழைய இடத்திலேயே இருக்கட்டும். டிக்கிப் பக்கம் பலப்படுத்தும் பிளேட் கட்டாயம். பிளேட் வைத்த பிறகு வேண்டுமானால் கடினமான மவுண்ட். காயில்ஓவர்தான் வேண்டுமென்றால் டவரைக் கேஜோடு இணைத்த பிறகே. பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு தொடுகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றி இறுக்கி, ஷாக்கின் உடலைத் தொடும்வரை கீழே இறக்கிவிட்டு ஓட்டத்துக்குப் போனால், திரும்பி வரும்போது அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவே அன்றைய அதிகபட்ச அமுக்கம். டை பம்ப் ஸ்டாப்பில் போய் ஒட்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. பார்வையிடும்போது டிக்கியின் ஓரத்துக் கார்ப்பெட்டை முழுதாக விலக்க வேண்டும். 2 நட்டுகளுக்கும் குறுக்கே ஓர் எஃகு ஸ்கேலை நிறுத்திவைத்து அடியில் டார்ச் அடித்தால், தட்டையாக இருக்க வேண்டிய தகடு புடைத்திருப்பது வெளிச்சக் கோட்டில் தெரியும். ஸ்டடைச் சுற்றிப் பெயிண்ட் நட்சத்திரம்போல் வெடித்திருப்பது, டவர் சக்கரக் கூட்டோடு சேரும் மடிப்பில் சீலன்ட் பிளந்திருப்பது, மயிரிழை போன்ற ஒரு துருக்கோடு, இவை மூன்றும் விரிசலின் முதல் அடையாளங்கள். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பிளேட்டை வைத்து நட்டை இறுக்கிவிடக் கூடாது. விரிசல் பிளேட்டின் அடியில் மறைந்துகொண்டு வளரும். பெயிண்டைச் சுரண்டி விரிசல் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்து, அதன் முனையில் சிறு துளையிட்டு, வெல்டிங் செய்து, துரு ஏறாமல் பூச்சு கொடுத்த பிறகே பிளேட் மேலே உட்கார வேண்டும். அதுவரை அந்தக் கார் தளத்துக்குப் போகக் கூடாது.